முதலில் எந்த நிலம்?

மரிக்கொழுந்தின் மணம் அறியாத தமிழர் அரியர். அச்செடிக்கு நெருங்கிய உறவான ஒரு புதர் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிற் பரந்த வறண்ட வெளிகளை மூடி நிற்கின்றது. சேஜ்பிரஷ் என்பது அதன் பெயர். சாம்பல் பூத்த சிறிய இலை, கசப்புச் சுவை, மழை பெய்தாற் காற்றெல்லாம் மணக்கும். நெவாடா, ஐடஹோ, ஒரேகன், வையோமிங் முதலிய மாநிலங்களிற் பயணஞ் செய்வோர் இதனை வெறும் பற்றைக்காடு என எண்ணிக் கடந்து போவதுண்டு.

அப்பற்றையை நம்பி வாழும் உயிர்களோ பல. அவற்றுட் பெயர்பெற்றது சேஜ் குரூஸ் என்னும் பறவை, கோழியினத்தைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் அது உண்பது ஏறத்தாழ இச்செடியின் இலையொன்றையே. இளவேனில் விடியற்பொழுதுகளிற் சேவல்கள் ஆண்டுதோறும் அதே ஆடுகளத்திற் கூடி, நெஞ்சை உப்பவைத்து ஆடிப் பேடுகளை அழைக்கும். செடி அழிந்தால் அப்பறவைக்குப் புகலிடமில்லை. 2010ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசாங்கம் அது சட்டப் பாதுகாப்புக்கு உரியதென ஒப்புக்கொண்டும், அதனிலும் அவசரமானவை உண்டெனக் கூறி ஒத்திவைத்தது. 2015இல், பாதுகாப்புத் திட்டங்கள் வகுக்கப்பட்டமையைக் காட்டி, பட்டியலிற் சேர்க்க வேண்டியதில்லை என முடிவுசெய்தது.

அழிவுக்குக் காரணம் கலப்பையும் எண்ணெய்க் கிணறும் மட்டுமல்ல. சீற்கிராஸ், அதாவது ஏமாற்றுப்புல், எனப்படும் ஓராண்டுப் பயிர் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கடல் கடந்து வந்து சேர்ந்தது. வசந்தத்தில் முந்தி வளர்ந்து, கோடை தொடங்குமுன்னரே காய்ந்து, செடிகளுக்கிடையே இருந்த வெற்றிடமெங்கும் சருகாய்ப் பரவும். ஒரு பொறி போதும். வெளி முழுவதும் எரியும். எரிந்த சேஜ்பிரஷ் அடியிலிருந்து மீண்டும் துளிர்ப்பதில்லை. அதன் விதை தாய்ச்செடிக்கு அண்மையிலேயே விழும்; மண்ணில் நெடுங்காலம் உயிரோடிராது. புல்லோ அடுத்த பருவத்திலேயே முன்னிலும் அடர்ந்து எழுந்து, அடுத்த தீக்கு விறகாகின்றது.

அமெரிக்க மண்ணியல் ஆய்வு நிலையம் 2022இல் வெளியிட்ட அறிக்கையொன்று, 2001 முதல் 2020 வரை ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 13 இலட்சம் ஏக்கர் நல்ல நிலம் தரங்குன்றியதெனக் கணக்கிட்டது. இத்துணை நிலத்தையும் மீட்க ஆளுமில்லை, பணமுமில்லை. ஆகவே முதலில் எந்த நிலம் என்பதே கேள்வி.

மிகவும் கெட்ட இடத்துக்கே முதலில் ஓடவேண்டும் என்று மனித மனம் சொல்லும். அறிஞர் கூறுவது அதற்கு மாறானது. இன்னும் கெடாத உள்நிலத்தை முதலிற் காக்க வேண்டும். அதன் ஓரத்திலே சிறிது பழுதுபட்டதைத் திருத்தி அதனோடு சேர்க்க வேண்டும். முற்றும் புல்லான வெளியைப் பின்னர் பார்க்கலாம் என்பது அவர்கள் வழி. இதற்கு மண்ணே சான்று. குளிரும் ஈரமும் சற்றுக் கூடிய மேட்டுநிலம் புல்லை எதிர்த்து நிற்கும். தீயின் பின்னும் தேறும். வெப்பமான தாழ்நிலத்தில் விதைத்த விதை மழை பொய்த்தால் வீண். பல முறை வீணாகியும் இருக்கின்றது.

எனினும் இது இரக்கமற்ற கணக்காகவே சிலருக்குத் தோன்றும். தாழ்நிலத்திலும் சேவல்கள் ஆடுகின்றன. அங்கும் மாடு மேய்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் போய் உங்கள் முறை இன்னும் வரவில்லை என்று சொல்வது எளிதன்று. அங்கே தீயணைப்பையும் கைவிட்டால் அத்தீ உள்நிலத்துக்கும் ஏறிவரும். ஆதலின் முறை பிந்திய நிலம் என்பது மறந்த நிலம் ஆகிவிடக் கூடாது.

நல்ல நிலத்திற் செய்யும் வேலை பெரும்பாலும் சிறியது. பற்றைகளுக்கிடையே ஜூனிப்பர் மரக்கன்றுகள் ஏறிவரும். வல்லூறுகள் அமர இடமாகும் என்பதாற் போலும், மரம் நின்ற இடத்தைக் குரூஸ் பறவை அணுகாது. கன்று சிறிதாயிருக்கும்போதே வெட்டினாற் கூலியும் குறைவு, கீழுள்ள செடியும் பிழைக்கும். ஒரேகனின் தென்பகுதியில் அவ்வாறு மரம் வெட்டிய வெளிகளிற் சில ஆண்டுகளுள்ளேயே பேடுகள் கூடு வைக்கத் தொடங்கியமையை ஆராய்ச்சியாளர் கண்டனர்.