ஆள்வோரைத் தூங்க விடாதது கேள்வியே!

(பட்டிமன்றத் தலைப்பு: மக்களாட்சிக்குப் பெருங்காவல் வாக்குச் சீட்டா? மன்றத்தில் எழும் கேள்வியா?)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்துகொண்டே, மனசுக்குள்ளே எங்கள் அணிக்கு ஓட்டுப் போட்டுவிட்ட அருமை நண்பர்களே! (சிரிப்பு) இந்த அரங்கத்திலும், அவரவர் வீட்டுக் கூடத்திலும் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "வாக்குச் சீட்டுக்கு முன்னால் கேள்வி எம்மாத்திரம்?" என்று முழங்கிவிட்டுப் போனார். நடுவர் அவர்களே, ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாக்கின் பெருமையைச் சொல்வதற்கே அவருக்கு ஒரு கேள்வி தேவைப்பட்டிருக்கிறது! (கைதட்டல்)

வாக்கு சின்னது என்று நான் சொல்ல வரவில்லை. வாக்கு என்பது முகூர்த்தம் மாதிரி. நாள் பார்த்து, பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் குடித்தனம் என்று ஒன்று இருக்கிறதே, அது மறுநாள் காலையில்தானே தொடங்குகிறது? ஒண்ணாம் தேதி சம்பளம் வந்தது. பத்தாம் தேதி அரிசி டப்பா காலி. "வந்த பணம் எங்கே போச்சு?" என்று வீட்டுக்காரம்மா கேட்கிறார்களே, அந்தக் கேள்விதான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. "தாலி கட்டியாச்சு, இனி அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் கேட்கக் கூடாது" என்று எந்த மாப்பிள்ளையாவது சொல்ல முடியுமா? சொன்னால் சோறு கிடைக்குமா? (சிரிப்பு)

ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டில் முன்னறிவிப்பே கிடையாது. செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும். நாடாளுமன்றத்தில் அப்படி அல்ல. மக்களவையில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்க வேண்டுமானால் பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் கொடுப்பதால் குலுக்கல் போட்டு வரிசை பார்க்கிறார்கள். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். குறியில்லாத கேள்விகள் 230. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும்.

அந்த நட்சத்திரத்தில் என்ன விசேஷம் என்கிறீர்களா? துணைக் கேள்வி! அதுதான் நெய்யில் வறுத்த முந்திரிப் பருப்பு. முதல் பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுப்பார்கள், அமைச்சர் படிப்பார். அதில் தப்பு வராது. அதற்கு அடுத்து உறுப்பினர் எழுந்து, "அப்படியானால் இது ஏன்?" என்று ஒன்று போடுகிறார் பாருங்கள், அங்கேதான் அமைச்சருக்குத் தம் துறை தெரியுமா தெரியாதா என்பது தெரியும். முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு வைக்கிறோமே, அதுவும் இதற்குத்தான். ஆய்வேட்டை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு அவனேதானே வாயைத் திறந்தாக வேண்டும்? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியில் பேசிய அம்மா ரொம்ப அழகாகச் சொன்னார்கள். "கேள்வி கேட்டு என்ன பயன்? 'பரிசீலனையில் உள்ளது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்" என்று. அம்மா, அந்த ஒற்றைச் சொல்லுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று 1953-லிருந்து இருக்கிறது. 'பரிசீலனையில் உள்ளது', 'கவனிக்கிறேன்' என்று அமைச்சர் சொன்னாலே அதை உறுதிமொழியாகக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்குள் என்ன செய்தீர்கள் என்று அந்தக் குழு கேட்கும். தாமதம் ஆகிறதா? ஆகிறது. ஆனால் சொன்னதைச் சொல்லவில்லை என்று சாதிக்க முடியாது. நம் வீட்டில், "தீபாவளிக்குப் பார்க்கலாம்" என்று போன வருஷம் சொன்னதை இந்த வருஷம் தேதியோடு எடுத்துப் போடுகிறார்களே, அதே முறைதான்! (சிரிப்பு)

இந்த உரிமை வானத்திலிருந்து விழவில்லை நடுவர் அவர்களே. வெள்ளைக்காரன் ஆட்சியில், சட்ட மேலவையில் கேள்வி கேட்கும் உரிமையே 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. அடுத்த ஆண்டு, 1893-ல், முதல் கேள்வியைப் பிங்கா ராஜா கேட்டார். என்ன கேட்டார் தெரியுமா? அதிகாரிகள் சுற்றுப்பயணம் வந்து முகாம் போடும்போது, அவர்களுக்குச் சாமான் கொடுத்துக் கிராமத்துக் கடைக்காரர்கள் படுகிற அவதியைப் பற்றிக் கேட்டார். கேட்டவர் ராஜா. கேட்டதோ பெட்டிக்கடைக்காரனுக்காக! ஆனால் அன்றைக்குத் துணைக் கேள்விக்கு இடமில்லை. பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார வேண்டியதுதான். மறுபடி ஒரு கேள்வி கேட்க 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது கேள்விக்கு வெள்ளைக்காரன் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்!

இப்போது நான் முக்கியமான வழக்குக்கு வருகிறேன். 1956-ல் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களை எல்லாம் அரசு தேசியமயமாக்கி, எல்.ஐ.சி. என்று ஒன்றாக்கியது. அதில் இருந்தது யார் பணம்? பள்ளிக்கூட வாத்தியார் பணம். ரயில்வே குமாஸ்தா பணம். "எனக்கு ஒண்ணு ஆயிட்டா பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது" என்று, காபியைக் குறைத்து, சினிமாவைக் குறைத்துக் கட்டிய பிரீமியம். மறு ஆண்டு, 1957 ஜூனில், அந்தப் பணத்திலிருந்து சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயை எடுத்து, ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் பங்கு வாங்கினார்கள். அந்த ஆள் அப்போதே நெருக்கடியில் இருந்தவர். பணம் கட்டிய ஒருவருக்காவது இது தெரியுமா? தெரியாது. வாக்குச் சீட்டு என்ன செய்தது? தேர்தல் அந்த ஆண்டுதான் முடிந்திருந்தது. அடுத்த தேர்தல் 1962-ல். ஐந்து வருஷம் வாக்குச் சீட்டு பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

விழித்துக்கொண்டிருந்தது கேள்வி! மக்களவையில் கேள்வி எழுந்தது. வந்த பதில் போதவில்லை. 1957 டிசம்பர் 16-ஆம் நாள், ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி எழுந்தார். விவரத்தோடு, தேதியோடு, கணக்கோடு அரசைக் கேட்டார். அவர் எதிர்க்கட்சியா? இல்லை. ஆளும் காங்கிரஸ் கட்சி. அதுமட்டுமா? அன்றைக்குப் பிரதமர் ஜவஹர்லால் நேரு. ஃபெரோஸ் காந்தி யார்? நேருவின் ஒரே மாப்பிள்ளை! (கைதட்டல்) நம் ஊரில் மாப்பிள்ளை மாமனாரைக் கேள்வி கேட்டால், தலைதீபாவளிக்கு மோதிரம் ஏன் போடவில்லை என்றுதான் கேட்பார். (சிரிப்பு) இந்த மாப்பிள்ளை, ஊரார் வீட்டுப் பாலிசிப் பணம் எங்கே என்று கேட்டார் ஐயா!

பிறகு என்ன நடந்தது? பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சக்ளா 1958 ஜனவரியில் விசாரணைக்கு அமர்த்தப்பட்டார். மூடிய அறையில் அல்ல, பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். பிப்ரவரியிலேயே அறிக்கை தந்துவிட்டார். செயலாளர் செய்ததற்கும் அமைச்சர்தான் பொறுப்பு, "எனக்குத் தெரியாது" என்று ஒதுங்க முடியாது என்பது அவர் முடிவு. நிதியமைச்சர் பதவி விலகினார். அந்த நிதியமைச்சர் நம் சென்னைக்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பெரிய திறமைசாலி. பின்னாளில் மறுபடியும் நிதியமைச்சராக வந்தார். கேள்வி அவரை அழிக்கவில்லை. பதவியில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நியாயத்தைத்தான் நிலைநாட்டியது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னொன்று. மன்றத்தில் நடப்பதைப் பத்திரிகைகள் வழக்குப் பயம் இல்லாமல் வெளியிட வேண்டும் என்று 1956-ல் ஒரு சட்டம் வந்தது. அது ஒரு தனி உறுப்பினர் கொண்டுவந்த மசோதா. கொண்டுவந்தவரும் அதே ஃபெரோஸ் காந்திதான். உள்ளே கேட்கிற கேள்வி, வெளியே நம் காதுக்கு வர வழி போட்டார். 1960-ல் அவர் காலமாகிவிட்டார்.

இப்போது எதிரணித் தலைவருக்கு வருகிறேன். "1977-ல் நெருக்கடி நிலையை முடித்துவைத்தது வாக்குத்தானே? கேள்வி எங்கே போனது?" என்று கேட்டீர்கள். நியாயமான வாதம். மறுக்க மாட்டேன். ஆனால் வரிசையைப் பாருங்கள். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. ஜூலையில் நாடாளுமன்றம் கூடியது. கூடியவுடனே முதல் வேலையாக எதை நிறுத்தினார்கள்? கேள்வி நேரத்தை! 1956-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பாதுகாப்புச் சட்டம் 1976-ல் ரத்தானது. ஃபெரோஸ் காந்தி போட்ட வழியை, அவர் மனைவி தலைமை தாங்கிய அரசே அடைத்தது. அதே 1976 பிப்ரவரியில் என்ன செய்தார்கள்? மக்களவையின் ஆயுளை ஓராண்டு நீட்டினார்கள். வர வேண்டிய தேர்தல் தள்ளிப்போனது.

நடுவர் அவர்களே, இதுதான் என் வாதத்தின் அச்சாணி. முதலில் போனது கேள்வி. அதற்குப் பின்னால் போனது வாக்கு! வாசலில் நாய் குரைத்துக்கொண்டிருக்கிற வரைக்கும் திருடன் பீரோ பக்கம் வர மாட்டான். குரைப்பு நின்றால்தான் பீரோவுக்கு ஆபத்து. வாக்கு பீரோவில் இருக்கிற நகை. கேள்விதான் வாசலில் நிற்கிற காவல்! (பலத்த கைதட்டல்) 1977-ல் வாக்கு திரும்பி வந்தது, அந்தச் சட்டமும் திரும்பி வந்தது, மகிழ்ச்சி. ஆனால் இடைப்பட்ட காலத்தில் சிறையில் கிடந்தவர்களுக்கு அந்த மாதங்களைத் திருப்பிக் கொடுக்க எந்த வாக்குச் சீட்டால் முடியும்?

"கேள்வியே விலை போகிறதே!" என்று தம்பி ஒருவர் மடக்கினார். உண்மை. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியது அம்பலமாகி, இரண்டு அவைகளிலும் சேர்த்துப் பதினோரு உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். வெட்கக்கேடுதான். ஆனால் தம்பி, கள்ள நோட்டு அடிக்கிறவன் எந்த நோட்டை அடிக்கிறான்? மதிப்புள்ள நோட்டைத்தானே? கேள்விக்கு மதிப்பு இல்லையென்றால் அதற்கு எவன் காசு கொடுப்பான்? (கைதட்டல்) ஓட்டுக்கும்தான் காசு கொடுக்கிறார்கள். அதற்காக ஓட்டே வேண்டாம் என்று நீங்கள் சொல்வீர்களா? (சிரிப்பு)

என் கவலை வேறு. 2020 செப்டம்பரில், கொரோனா காலத்து மழைக்காலக் கூட்டத்தொடரில், கேள்வி நேரம் கிடையாது, எழுத்துப் பதில் மட்டும் உண்டு என்றார்கள். நோய்க் காலம், காரணம் சொன்னார்கள், சரி. ஆனால் மற்ற நாட்களில், நோய் இல்லாதபோது, கூச்சலிலும் அமளியிலும் அந்த ஒரு மணி நேரம் கரைகிறதே, அதற்கு என்ன காரணம்? ஆளுங்கட்சி யாராக இருந்தாலும், எதிர்க்கட்சி யாராக இருந்தாலும், அவை ஒத்திவைக்கப்படும்போது நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர் யார்? அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர்! கேள்வி கேட்க வேண்டியவரே கூச்சல் போட்டு அவரைத் தப்பவிடலாமா?

நம் தமிழ் ஒரு அதிசயமான மொழி. 'கேள்' என்றால் வினாவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள். வள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே அதற்குக் காதுகொடுத்துக் கேட்பது என்று பொருள். கேட்கிறவனும் கேட்க வேண்டும். ஆள்கிறவனும் கேட்க வேண்டும். பாண்டியன் சபையில் கண்ணகி கேட்டாள். அவன் காவலாளியை விட்டு விரட்டவில்லை. கேட்டான், உணர்ந்தான், உயிரையே விட்டான். அந்த மரபில் வந்த நாம், அமைச்சரிடம் உயிரையா கேட்கிறோம்? பதில்தானே கேட்கிறோம்! (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. தாய்மார்களே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "எங்களுக்கு என்ன தருவீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "போன தடவை உள்ளே போனீங்களே, எங்க ஊருக்காக என்ன கேட்டீங்க?" என்று கேளுங்கள். மக்களவையில் யார் எந்தக் கேள்வி கேட்டார், எந்த அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் பதிவாக இருக்கிறது. இன்றைக்குக் கைபேசியிலேயே பார்க்கலாம். பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வாக்கு நம்மை ஒரு நாள் மன்னராக்குகிறது. மிச்ச நாளெல்லாம் நம்மை ஏமாளி ஆகாமல் காப்பது கேள்வி. ஆகவே, மக்களாட்சிக்குப் பெருங்காவல் மன்றத்தில் எழும் கேள்வியே, கேள்வியே என்று தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். தீர்ப்பு மாறினால், நடுவர் அவர்களே, ஒரு துணைக் கேள்வி என் கையில் இருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)