தண்டோரா போட்டவர்களின் வானொலி

தோழர்களே, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் தண்டோரா போட வைக்கப்பட்டவர்கள் நம் தாத்தாக்கள். ஏரி ஏலமோ வரி பாக்கியோ, ஊருக்குச் சொன்னது அவர்கள் குரல், சேதி அவர்களுடையதல்ல. 2022 ஆகஸ்டில்தான் இனித் தண்டோரா கூடாது என்று தலைமைச் செயலாளர் கடிதம் எழுதினார்.

சமூக வானொலி என்றதும் நமக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் உரிமம் கிடைத்தது. 2008இல், அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில், தலித் பெண்களே சங்கம் ரேடியோவை நடத்தத் தொடங்கினார்கள். விதை, பாட்டு, மருந்து எல்லாம் அவர்கள் பேச்சிலேயே ஒலித்தன. ஆனால் செய்தி, நடப்பு விவகாரம் கூடாது என்றது அதே 2006 விதி. பின்னால் தந்த சலுகை, ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம் என்பது. திரும்பவும் தண்டோராதானே?

குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தவர். நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர். 2017 செப்டம்பர் 1இல் அவர் இறந்தார். அன்று செந்துறையில் நமக்கென்று ஒரு வானொலி இருந்திருந்தாலும், அந்தச் சாவைப் பற்றி நாமே எழுதிய ஒரு வரிச் செய்தியை வாசித்திருக்க முடியாது.

உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் தோழர்கள், செய்தித் தடையை நீக்கச் சொல்லி இன்னொரு தாளையும் சேர்த்தே அமைச்சகத்துக்கு அனுப்புங்கள்.