குடும்ப மருத்துவப் பட்ட மேற்படிப்பும் நம் பிள்ளைகளும்



நான் மருத்துவன் அல்லன், பள்ளி ஆசிரியன். ஆயினும் என்னிடம் பயின்று மருத்துவக் கல்லூரி சென்ற பிள்ளைகள் விடுமுறையில் வந்து, "ஐயா, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் எதைப் படிப்பது?" என்று கேட்கின்றனர். 2017-இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளும் மருத்துவம் பயிலுகின்றனர். ஆகவே அக்கேள்வி இன்று நம் அனைவர்க்கும் உரியதாகிவிட்டது.

இதயம், எலும்பு, கதிரியக்கம் என்று சிறப்புப் பிரிவுகளை அடுக்குவோர் பலர். குடும்ப மருத்துவம் என்றொரு பட்ட மேற்படிப்பு உண்டென அறிந்தோர் சிலரே. ஊரில் பெயர்ப்பலகை மாட்டிய எம்.பி.பி.எஸ். மருத்துவர் எல்லாரும் குடும்ப மருத்துவர்தாமே என்று கருதுவோரும் உளர். அஃது அன்று. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. குடும்ப மருத்துவம் மூன்றாண்டுப் பயிற்சி. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், அவசரச் சிகிச்சை என ஒவ்வொரு பிரிவிலும் நின்று பணியாற்றிக் கற்க வேண்டும். 2020-இல் அவ்வாரியம் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பையும் அறிவித்தது. எம்.டி. பட்டமாக இதனை நாட்டில் முதலில் தொடங்கியது கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2006 முதல் பணியில் உள்ள மருத்துவர்களுக்குத் தொலைநிலை வழியிலும் இப்பாடத்தைக் கற்பிக்கிறது. நல்ல முயற்சியே எனினும், மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சிக்கு அதை ஈடாக எண்ணிவிடலாகாது.

இதன் பயன் யாது? ஆவுடையார்கோயில் பக்கத்துச் சிற்றூர் மூதாட்டி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி, கண் மங்கல். நான்கு நோய்க்கு நான்கு மருத்துவரிடம் நான்கு நாள் செல்வதென்றால், துணைக்குச் செல்லும் மகனுக்கும் நான்கு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் வேறு. பெரும்பாலானவற்றை ஒருவரே பார்த்து, தேவையானதற்கு மட்டும் மேல் மருத்துவமனைக்கு அனுப்பவல்லவரே இப்படிப்பு உருவாக்கும் மருத்துவர். பிரிட்டனில் இத்தகைய தனிப் பயிற்சி பெறாதவர் பொது மருத்துவராகப் பணியாற்ற இயலாது.

இன்னொன்றும் உண்டு. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் சிறுவர்கள் நோயுற்றனர். குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்ல, மக்கள் மேல்நிலைத் தொட்டியின்மீது ஏறிப் பார்த்தனர். மலம் கலந்திருந்தது. அவ்வழக்கைப் பற்றிப் பேச நான் வரவில்லை. வயிற்றுப்போக்கிற்கு மருந்தெழுதியதோடு நில்லாமல், "எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்?" என்று கேட்கும் மருத்துவர் நம் தெருக்களுக்கு எவ்வளவு தேவை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். வீட்டையும் தெருவையும் தொழிலையும் சேர்த்து நோயாளியைப் பார்ப்பதே இப்படிப்பின் அடிப்படை.

நம் பிள்ளைகளுக்குச் சிறிய படிப்பே போதும் என்கிறேன் என எவரும் கருத வேண்டா. அப்படிச் சொல்லிச் சொல்லியே நம்மை வாயிலில் நிறுத்தியவர் பலர். இதய அறுவை கற்க விரும்புவோர் அதற்கே செல்லட்டும். ஒதுக்கீட்டில் கிடைக்கும் ஓர் இடத்தையும் விட்டுத்தர வேண்டா. ஆனால் குடும்ப மருத்துவத்தை இழிவாக நினைத்து ஒதுக்கவும் வேண்டா. 2002, 2017 ஆகிய ஆண்டுகளின் தேசிய நலக் கொள்கைகள் இரண்டும் இத்துறையை வளர்க்கச் சொல்லின. இடங்களோ இன்றும் குறைவு. அதற்கும் நாம் குரல் கொடுக்க வேண்டும்.

ஆரம்பச் சுகாதார நிலையப் பணியில் சேர்ந்தவர்களும் சோர்வடைய வேண்டியதில்லை. அரசு மருத்துவர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு அளிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென 2020 ஆகஸ்டு 31-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. வழக்காடியவர் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களே.

இறுதியாக, கழகத்திற்கு ஒரு விண்ணப்பம். நமது உதவித்தொகை எம்.பி.பி.எஸ். இறுதியாண்டோடு நின்றுவிடுகிறது. நீட் பட்ட மேற்படிப்புத் தேர்வுக்கு ஓராண்டு வீட்டிலிருந்து படிக்க வசதியுள்ளவர்க்கு இயலும். நம் பிள்ளை அவ்வாண்டிலேயே தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்கும் வீட்டுக் கடனுக்கும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளையாயின் திருமணப் பேச்சும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஓராண்டுக்குத் திங்கள்தோறும் ஒரு தொகையும், நூல் வாங்கக் கடனும் வழங்க இவ்வாண்டே விதி திருத்துமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். என் பங்காக ஒரு மாத ஊதியத்தை இன்று பொருளாளரிடம் அளிக்கிறேன்.