ஒரு சம்பளம், இரண்டு அடுப்பு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

என்னோடு விடுதிச் சாம்பாரைச் சகித்துக்கொண்ட நண்பர்களே, தம்பி தங்கைகளே!

ஆப்பிரிக்க அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். சிங்கம், யானை எதுவும் நான் பார்க்கலைங்க. சம்பளக் கணக்கைத்தான் சொல்லப்போகிறேன்.

வடக்கு நைஜீரியாவில் ஒரு மாநில அரசின் பள்ளிகளுக்கு ஆசிரியர் எடுக்க 1983-இல் சென்னையில் நேர்முகத் தேர்வு நடந்தது. எனக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நம் கல்லூரி பௌதிக மாணவர், பிரம்மச்சாரி. இருவருக்கும் ஒரே சம்பளம், மாதம் 400 நைரா. குடும்பத்துக்கு விமான டிக்கெட் உண்டு. குடும்பம் ஊரிலேயே தங்கினால் அதற்கென்று ஒரு காசு கிடையாது. அம்மாவைத் தனியே விடமுடியுமா? நான் மட்டும் போனேன். அங்கே ஓர் அடுப்பு, இங்கே ஓர் அடுப்பு.

1985 வரை ஒரு நைரா சுமார் 14 ரூபாய். 200 அனுப்பினால் வீட்டில் 2,800. மத்திய வங்கி அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கணும், ஆனா வந்துடும். 1986 செப்டம்பரில் அந்நாட்டு அரசு நாணய மதிப்பைச் சந்தையிடம் விட்டது. மறுவருஷம் டாலருக்கு நாலு நைரா. அதே 200 நைரா, வீட்டில் 650 ரூபாய் ஆச்சு! சம்பளச் சீட்டில் ஓர் எழுத்து மாறவில்லை. மனைவி கடிதத்தில் குறையே எழுதவில்லை. "பெரியவனைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே மாத்திட்டேன்" என்று மட்டும் இருந்தது. கையில் வளையல் இல்லாததை விடுமுறையில் வந்தபோதுதான் பார்த்தேன்.

இது அரசாங்கங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்காக 1924-இலேயே லீ கமிஷன் பரிந்துரைத்தது: பணிக்காலத்தில் அதிகாரிக்கும் மனைவிக்கும் நான்கு முறை போய்வரக் கப்பல் கட்டணம், வெளிநாட்டுப் படியை ஊருக்கு அனுப்பினால் ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங். சந்தையில் அப்போது ஒன்றரை ஷில்லிங் அளவுதான். வித்தியாசம் யார் தலையில்? நம்ம பாட்டன்மார் கட்டிய வரியில்தான். துரைமாருக்குத் தெரிந்த கணக்கு, எங்கள் ஒப்பந்தத்தை எழுதியவருக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட கணக்கு வாத்தியாருக்கும் தெரியவில்லை, அதையும் சொல்லிடணும்!

1988-இல் திரும்பினேன். கடைசி வருஷம் முழுக்க அந்தப் பௌதிக நண்பரின் அடுப்பில்தான் எனக்கும் சாப்பாடு. பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இந்த வருஷச் சங்கச் சந்தாவை அவருக்கும் சேர்த்து நானே கட்டிவிட்டேன். அவருக்கே இப்போதான் தெரியும்.