மேலாண்மைக் கல்வி நாடும் மாணவர்க்கு
(சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எமக்கும் வணிக மேலாண்மைக்கும் என்ன இயைபு என்று சிலர் நகைத்தல் கூடும். இயைபு இதுதான். எம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர், பொறியியற் பட்டம் பெற்றபின், ஆலோசனைத் தொழிலிற் புகும் வேட்கையால் மேலாண்மைக் கல்லூரி ஒன்றிற் சேர்ந்தார். தந்தையார் நன்செய்யில் ஒரு பகுதியை விற்றார். போதாததற்கு வங்கியிற் கடன் வாங்கினார். ஈராண்டு கழிந்தது. அக்கல்லூரியின் வாயிலை ஆலோசனை நிறுவனம் ஒன்றேனும் மிதிக்கவில்லை. அவர் இன்று வேறு தொழிலில் இருக்கின்றார். கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. சேருமுன் அவர் எம்மிடம் வந்து கருத்துக் கேட்டதுண்டு. யாமோ விளம்பரத்தாளிற் கண்ட கட்டடத்தின் அழகை நோக்கி, ‘நன்று, சேர்க’ என்றோம். அப்பிழையிற் பாதி எம்முடையதாகலின், அதன்பின் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை உங்கள்முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆலோசனைத் தொழிலாவது யாது? பெரிய வணிக நிலையங்களும், சிலவேளை அரசாங்கங்களும், தம்மால் எளிதில் அவிழ்க்கவொண்ணாத சிக்கலொன்றை வெளியார் குழுவொன்றிடம் ஒப்படைத்துப் பொருள் கொடுத்து அறிவுரை பெறுதலே அது. அரசர்க்கு அமைச்சர் போல என்னலாம். ஆயின் இவ்வமைச்சர் சில திங்களில் வேறோர் அரசனிடம் போய்விடுவர்! மக்கின்சி என்னும் நிறுவனம் 1926-இல் சிக்காகோவிலும், பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 1963-இலும், பெயின் 1973-இலும் தோன்றின. ஊதியம் மிகுதி, உழைப்பும் ஊர்ப்பயணமும் அதனினும் மிகுதி.

இந்நிறுவனங்கள் ஆள் தேட எல்லாக் கல்லூரிகளுக்கும் செல்வதில்லை. தாம் தெரிந்தெடுத்த சிலவற்றுக்கே செல்கின்றன. எம் மாணாக்கரும் யாமும் அறியாதிருந்தது இது ஒன்றே. இந்திய மேலாண்மைக் கழகங்களுள் கல்கத்தா, அகமதாபாத் ஆகிய இரண்டும் 1961-இலும், பெங்களூர் 1973-இலும் நிறுவப்பெற்றன. ஐதராபாத்திலுள்ள இந்தியன் ஸ்கூல் ஆப் பிசினஸ் 2001-இல் வகுப்புத் தொடங்கிற்று. இவற்றுக்கு அந்நிறுவனங்கள் ஆண்டுதோறும் வருவன. திருச்சிராப்பள்ளியில் 2011-இல் ஒரு கழகம் தோன்றியது நமக்கு மகிழ்ச்சியே. எனினும் அருகிலுள்ளது என்பதொன்றே கொண்டு ஒன்றைக் கொள்ளுதலும், தொலைவு என்று அஞ்சி மற்றொன்றைத் தள்ளுதலும் தகா. எக்கல்லூரியாயினும் அதன் வேலைவாய்ப்பறிக்கையை வாங்கிப் பாருங்கள். எந்த ஆலோசனை நிறுவனம், எத்தனை பேரை, எவ்வேலைக்கு எடுத்தது என்று கேளுங்கள். ‘சராசரி ஊதியம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பற்க. பத்துப் பேருள் ஒன்பதின்மர்க்கு ஆளுக்குப் பத்து இலட்சமும் ஒருவர்க்கு ஒரு கோடியும் கிடைத்தால் சராசரி 19 இலட்சமாகும். அப்பத்தொன்பதைக் கண்ணாற் கண்டவர் அவருள் எவருமிலர். வரிசையின் நடுவில் நிற்பவர் பெறுவது எவ்வளவு என்பதே கேட்கத்தக்க கேள்வி.

சேரும் வழி இரண்டு. மேற்கூறிய கழகங்களுக்குக் ‘கேட்’ என்னும் பொதுச் சேர்க்கைத் தேர்வு பெரும்பாலும் நவம்பர்த் திங்களில் நடைபெறும். (பொறியியலார் எழுதும் பிறிதொரு தேர்வும் இவ்வாறே ஒலிக்கும், விண்ணப்பம் மாறிவிடாமற் பார்த்துக்கொள்க.) அகமதாபாத்தும் பெங்களூரும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையுங்கூடக் கணக்கிற் சேர்ப்பன. ஆதலால் ஈண்டு அமர்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் இப்பேச்சில் பங்குண்டு. ஐதராபாத்துக் கல்லூரியும், பிரான்சிலும் சிங்கப்பூரிலும் வளாகம் வைத்துள்ள இன்சியாட் போன்ற வெளிநாட்டுக் கல்லூரிகளும் ‘ஜி-மேட்’ மதிப்பெண்ணை ஏற்பன. அம்மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். அவ்விரண்டிலும் படிப்பு ஏறத்தாழ ஓராண்டே. பெரும்பாலும் சில ஆண்டு வேலை பார்த்தவர்க்கு உரியது.

அவை கட்டுரையும் கேட்பன. இங்கேதான் எம் தொழில் வந்து பொருந்துகின்றது. சென்ற ஆண்டு இளைஞர் ஒருவர் தம் கட்டுரையைத் திருத்தித் தருமாறு எம்மிடம் கொணர்ந்தார். ஆங்கிலத்தில் எமக்குப் பெரும்புலமை இல்லை. எனினும் வெற்றுரையை எம்மொழியிலும் அறியலாம். உலகத்தை மாற்றும் தலைமைப் பண்பு தமக்குண்டு என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். “தம்பி, உண்மையில் நீர் என்ன செய்தீர்?” என்று வினவினோம். நெடுநேரங் கழித்து, “அப்பாவின் அரிசி மண்டியில் வசூலாகாத கடன்களைப் பிரித்து எழுதினேன், ஐயா; பழைய வாடிக்கைக்காரர் நால்வரிடமே பெரும்பகுதி நின்றது. அவர்களுக்குத் தவணை கட்டினோம், ஓராண்டில் பாதிக்குமேல் வந்துவிட்டது” என்றார். ஆலோசகர் செய்யும் வேலை இதுவன்றோ! அதனை எழுத அவர் நாணினார். மண்டி என்றால் மதிப்பில்லை என்று யாரோ சொல்லியிருந்தனராம். மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டு மண்டியையே எழுதச் செய்தோம்.

கல்லூரியிற் சேர்ந்தபின்னும் காலம் கடத்தலாகாது. ஈராண்டுப் படிப்பில், இடைக்காலப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் சேர்ந்த சில திங்களிலேயே வந்துவிடும். ‘மதுரையில் ஒரு நாளில் எத்தனை இட்டலி விற்கும்?’ என்பது போலக் கேட்பர். விடையன்று, கணக்கிடும் வழியே அவர்க்கு வேண்டுவது.

இனிப் பணம். பெயர்பெற்ற கழகங்களிற் கட்டணமே 20 இலட்சத்தைக் கடக்கும். இருபத்தைந்து இலட்சத்தை நூற்றுக்குப் பத்து வட்டியில் பத்தாண்டுக் கடனாகக் கொண்டால் மாதந்தோறும் ஏறக்குறைய 33,000 ரூபாய் கட்டல் வேண்டும். எதிர்பார்த்த வேலை கிட்டாதவிடத்தும் இத்தொகை குறையாது. நிலத்தை விற்குமுன் இக்கணக்கைத் தந்தையும் மைந்தனும், மகளாயின் மகளும், ஒருங்கிருந்து போடல் வேண்டும். அகமதாபாத் போன்றவற்றில் எளிய குடும்பத்தார்க்கு உதவித்தொகையும் உண்டு; கேளாதவர்க்கு அது கிட்டாது.

மைய அரசின் கல்வி நிலையங்களிற் பிற்படுத்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு 27 இடம் உண்டு. மாநிலப் பட்டியல் வேறு, மைய அரசின் பட்டியல் வேறு. சான்றிதழும் மைய அரசின் படிவத்தில் தனியே பெறல் வேண்டும். விண்ணப்பம் முடியும் நாளன்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை.

விண்ணப்பக் கட்டுரையைப் படித்துக் காட்ட விரும்பும் மாணவர் ஞாயிறுதோறும் மாலையில் எம் இல்லத்துக்கு வரலாம். கல்லூரியின் வேலைவாய்ப்பறிக்கையையும் உடன் கொணர்க. கட்டடப் படம் வேண்டா.