விரல் போன வழி

ஒரு பாட்டில் பாடகியின் குரல் மெல்லத் தணிகிற இடத்தில் வயலின்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிடுவதையும், குரல் ஓய்ந்ததும் அவை மறுபடி முன்னே வந்து நிற்பதையும் நீங்கள் கவனித்திருக்கலாம், கவனியாமலும் இருந்திருக்கலாம். கவனத்துக்கே எட்டாதபடி அது நிகழ்ந்திருந்தால், அந்தப் பாட்டின் ஒலிகளைக் கலந்து மிக்ஸிங் செய்தவருக்கு அதைவிடப் பெரிய வெகுமதி வேறில்லை. இந்த ஏற்ற இறக்கத்தைச் செய்வது ஃபேடர் என்னும் சிறிய நகர்த்துக் குமிழ். அதன் அசைவுகளைக் கணினி ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் பிசகாமல் திரும்பச் செய்வதற்குத்தான் ஆட்டோமேஷன் என்று பெயர். அந்த ஞாபகத்தைத் திருத்துகிற வேலையைப் பற்றி, பல வருஷங்களாக அதையே செய்து வருகிறவன் என்ற முறையில், சில நிமிஷங்கள் பேச விரும்புகிறேன்.

யந்திரத்துக்கு இந்த ஞாபகசக்தி வாய்ப்பதற்கு முன் மனிதர்கள் பட்ட பிரயாசை கொஞ்சமன்று. 1975-இல் வெளிவந்த 'ஐம் நாட் இன் லவ்' என்ற பாட்டை, டென் சிசி என்னும் ஆங்கிலக் குழுவினர் ஸ்டாக்போர்ட் நகரத்து ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் பதிவு செய்தபோது, ஒவ்வொரு ஸ்வரத்தையும் 48 குரல்களாகச் சேரும்வரை திரும்பத் திரும்பப் பாடி, அவற்றைக் காந்த நாடா வளையங்களாக ஓடவிட்டு, மிக்ஸிங் மேஜையையே ஒரு வாத்தியமாக்கி, ஆளுக்குச் சில ஃபேடர்களாகப் பங்கிட்டுக்கொண்டு, ஸ்வரக்கூட்டு மாறும் இடங்களிலெல்லாம் விரல்களால் ஏற்றியும் இறக்கியும் வாசித்தார்கள். எந்த ஃபேடரும் அடியோடு இறங்கிவிடாமல் இருக்க, அடியில் ஒட்டுப் பட்டை ஒன்றையும் குறுக்கே ஒட்டி வைத்தார்கள். அக்காலத்து மிக்ஸிங்கில் ஒரு விரல் பிசகினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அல்லது நாடாவை வெட்டி ஒட்ட வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் நீவ் கம்பெனியார் நெகாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, லண்டனில் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவில் அமைத்த பிறகு, மோட்டார் பொருத்திய ஃபேடர்கள் தொடுவாரின்றித் தாமே நகரத் தொடங்கின.

இன்றோ அந்தப் பெரிய மேஜை இல்லாத வீட்டிலும் அந்த ஞாபகசக்தி இருக்கிறது. மென்பொருள் புரோ டூல்ஸ் ஆனாலும் கியூபேஸ் ஆனாலும், கணினித் திரையில் டிராக் என்னும் ஒவ்வொரு ஒலித்தடத்தின் மேலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். கோட்டில் இடையிடையே புள்ளிகள் இருக்கும். பாட்டை ஓடவிட்டு ஃபேடரை ஒருமுறை விரலால் நகர்த்திக்கொண்டு போனால், விரல் போன வழி முழுவதும் நூற்றுக்கணக்கான புள்ளிகளாகப் பதிந்துவிடும். விரலின் நடுக்கமும் தயக்கமும்கூட அதில் இருக்கும். முதலில் செய்ய வேண்டியது புள்ளிகளைக் குறைப்பது என்பது என் அபிப்பிராயம். மென்பொருளே அதைச் செய்யும். ஆனால் எந்தப் புள்ளி நடுக்கத்தால் வந்தது, எது கேட்டு அறிந்து வந்தது என்பதை மென்பொருள் அறியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 'காற்று' என்ற சொல்லோடு ஓர் அடி முடிகிறது. இறுதியில் நிற்பது குற்றியலுகரம். இலக்கணமே குறுகியது என்று சொல்லிவிட்ட அந்த உகரம், பின்னால் புல்லாங்குழல் எழுந்தால் போன இடம் தெரியாது. அதை 2 டெசிபல் உயர்த்தினால் போதும். எழும்புவதற்கு இரண்டு, இறங்குவதற்கு இரண்டு, ஆக நான்கு புள்ளிகள். ஆனால் முதல் இரண்டை எங்கே வைப்பது? 'கா' என்ற நெடிலின் நடுவில் வைத்தால் குரல் திடீரென்று பக்கத்தில் வந்து நின்றதுபோல் தோன்றும். 'ற்று' என்று உச்சரிக்கும்போது நாக்கு மேலே ஒட்டி, ஒரு க்ஷணம் காற்றே அடைபட்டு நிற்கிறதல்லவா? திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒலியலை அங்கே சமதளமாகப் படுத்திருக்கும். ஏற்றம் முழுவதையும் அந்த மௌனத்துக்குள் முடித்துவிட்டால், உகரம் மட்டும் தெளிவாகக் கேட்கும். அதைத் தூக்கிய கை எவருக்கும் கேட்காது. இறக்கத்தை அடுத்த மூச்சுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். தவறினால் மூச்சும் சேர்ந்து பெரிதாகிவிடும்.

நான் பட்ட ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் இப்படி எழுத்தெழுத்தாகச் செதுக்கி முடித்த ஒரு பாட்டில், இடையிசை நீளமாக இருக்கிறது, எட்டு பார் (தாள அளவு) குறைக்க வேண்டும் என்றார்கள். வெட்டினேன், இரண்டாம் சரணத்தை முன்னே இழுத்து ஒட்டினேன், இரவு நேரமாகிவிட்டதால் ஒட்டிய இடத்தை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் முழுவதும் கேட்டபோது, உயர வேண்டிய சொற்கள் மூழ்கியும், ஒதுங்க வேண்டிய மூச்சுகள் முழங்கியும், சரணம் முழுவதும் நிலைகுலைந்து கிடந்தது. குரல் நகர்ந்துவிட்டது, கோடு பழைய இடத்திலேயே, எட்டு பார் பின்னால் நின்றுவிட்டது. பதிவை நகர்த்தும்போது ஆட்டோமேஷனும் கூடவே நகர வேண்டுமா என்று தீர்மானிக்கும் விசை பல மென்பொருள்களில் உண்டு. அன்றுமுதல் கத்திரியை எடுப்பதற்கு முன் அந்த விசையைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

புதிதாகப் பழகுகிறவர்களைத் திகைக்கவைக்கும் விஷயம் வேறொன்று: ஃபேடரைக் கீழே இழுக்கிறார்கள், பாட்டு ஓடத் தொடங்கியதும் அது பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது. கோடு எழுதிய பிறகு ஃபேடருக்குச் சுதந்திரம் இல்லை. புள்ளிகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்து, 1 டெசிபல் இறக்கினால், வடிவம் கெடாமல் முழுவதும் தணியும். பொதுவாக இந்தக் கோடு, உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸருக்குப் பின்னால் வேலை செய்வது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒலித்துண்டின் அளவையே அதற்கு முன்னால் உயர்த்தினால், கம்ப்ரஸர் அதைப் பிடித்து அமுக்கிவிடும்.

விரலால் எழுதிய முதல் கோட்டை ஒருபோதும் அழிப்பதில்லை. பிரதி எடுத்து, பிரதியில்தான் திருத்துவேன். ஒரு பாட்டில் வயலின்கள் குரலுக்குச் சற்று முன்பாகவே ஒதுங்கத் தொடங்கியிருப்பதைத் திரையில் கண்டு, அது விரலின் அவசரம் என்று கருதி, சொல் தொடங்கும் இடத்துக்கே நேராக நகர்த்தினேன். பார்வைக்கு மிகவும் ஒழுங்காக இருந்தது. பிறகு கதவுக்கு வெளியே நின்று, தாழ்ந்த சப்தத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பழைய கோட்டில் பாடகி பாடுவதற்கு முன் இழுத்த மூச்சு கேட்டது. புதியதில் அது வயலின்களுக்கு அடியில் போயிருந்தது. என் விரல் அந்த மூச்சுக்காகத்தான் முன்கூட்டியே இறங்கியிருக்கிறது. திருத்தம் முழுவதையும் வைத்துக்கொண்டு, அந்த ஓரிடத்தில் மட்டும் என் புள்ளிகளை நீக்கிவிட்டு, பழைய வளைவை அதன் நடுக்கத்தோடு எடுத்துப் பொருத்தினேன்.