ஆய்வுக்கூடச் சாயமும் அதைத் துடைக்கும் கைகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் தலைமையாசிரியர் ஒருவர் ஏறினால் கல்வியின் சிறப்பைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அதனை எனக்கு முன் பேசியோர் செவ்வனே செய்துவிட்டனர். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சிறு பொருள். உயிரியல் ஆய்வுக்கூடங்களில் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைக் கண்ணுக்குப் புலப்படச் செய்வதற்காக ஏற்றப்படும் சாயம் பற்றியது. நானோ வரலாறு பயின்று பி.எட். முடித்தவன். இவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. அதற்குரிய விடையை முதலில் கூறிவிடுகிறேன்.

நம் சாக்கோட்டைக்கு அருகே காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் பொருளிலும், 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறந்து வைக்கப்பெற்றது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வளாகங்கள் எழுந்த நாளில் நம்மவர் உள்ளே சென்றது பெரும்பாலும் மண் சுமப்பதற்கும் கூட்டிப் பெருக்குவதற்குமே. இன்று நம் பெண்மக்கள் உயிர்த்தொழில்நுட்பம் பயில்வதற்கு வெள்ளை மேலங்கி அணிந்து ஆய்வுக்கூடங்களுக்குள் செல்கின்றனர். மகிழ்ச்சிதான். ஆனால் கூட்டிப் பெருக்குவோரும் இன்னும் பெரும்பாலும் நம்மவரே. ஒரே தெருவைச் சேர்ந்த இருவர் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒருவர் சாயத்தைக் கலக்குகிறார், மற்றவர் அதன் கழிவை அள்ளுகிறார். முன்னவருக்கு அச்சாயத்தின் பெயர் தெரியும், பின்னவருக்குத் தெரியாது. நான் பேச வந்த காரணம் இதுவே.

டி.என்.ஏ.வுக்குத் தனக்கென நிறம் கிடையாது. அதன் துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக் காண்பதற்கு அகரோஸ் என்னும் பொருளால் ஆன ஜெல்லைப் பயன்படுத்துகின்றனர். இது நமக்கு அந்நியப் பொருள் அன்று. நோன்புக் காலத்தில் இசுலாமிய நண்பர் இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்து உறைய வைத்துத் தருவார்களே, அந்தக் கடல்பாசியின் தூய்மைப்படுத்திய கூறுதான் அகரோஸ். 1985 வரை நமக்கும் ஒரே மாவட்டமாயிருந்த இராமநாதபுரத்துக் கடலோரத்தில், மண்டபம், பாம்பன் பகுதிகளில் மரிக்கொழுந்துப் பாசி என்று சொல்லி மகளிர் மூழ்கி எடுப்பது இவ்வகைப் பாசியையே. அம்மகளிரின் விரல்களைப் பார்த்தவர்க்கு அறிவியலின் அடித்தளத்தில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பது விளங்கும். அது வேறு பேச்சு.

அகரோஸைக் கொதிநீரில் கரைத்துத் தட்டில் ஊற்றி உறைய வைத்து, ஒரு முனையில் சிறு குழிகளில் டி.என்.ஏ. கரைசலை இட்டு, மின்சாரம் செலுத்துவர். டி.என்.ஏ. எதிர்மின் தன்மை உடையதாதலால் நேர்மின் முனையை நோக்கி நகரும். சிறு துண்டுகள் விரைந்து ஓடும், பெருந்துண்டுகள் பின்தங்கும். நெரிசலான சந்தைத் தெருவில் சிறுவர்கள் புகுந்து முன்னே ஓடிவிட, மூட்டை சுமப்போர் பின்னால் வருவதைப் போல என்று கொள்ளுங்கள். எது எங்கே நின்றது என்று காண்பதற்குத்தான் சாயம் வேண்டும்.

1970களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் இதற்குப் பயன்பட்டு வருவது எத்திடியம் புரோமைடு. செந்நிறத் தூள். டி.என்.ஏ. முறுக்கேணி போன்றது என்பதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அந்த ஏணியின் அடுத்தடுத்த படிகளுக்கிடையே இச்சாயத்தின் மூலக்கூறு செருகிக் கொள்கிறது. செருகிய பின் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது. விலை குறைவு, சில நானோகிராம் டி.என்.ஏ.வையும் காட்டிவிடும். ஆகவே இதனை விட ஆய்வாளர்க்கு மனம் வருவதில்லை.

தீங்கும் அச்செருகலில்தான் தொடங்குகிறது. ஏணிப் படிகளுக்கிடையே வேற்றுப் பொருள் புகுந்திருக்கையில் செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்தால் எழுத்துப் பிழை நேரிடும். இதனைச் சடுதி மாற்றம் என்று பாடநூல் கூறும். 1970களில் அமெரிக்க அறிஞர் புரூஸ் ஏம்ஸ் இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்றை அமைத்தார். ஹிஸ்டிடின் என்னும் சத்தைத் தானே உண்டாக்க இயலாத பாக்டீரியாக்களை, அச்சத்து இல்லாத தட்டில் இட்டால் அவை வளரா. ஐயத்திற்குரிய வேதிப்பொருளைச் சேர்த்த பின் வளரத் தொடங்கினால், அப்பொருள் அவற்றின் மரபுப் பொருளை மாற்றிவிட்டது என்று பொருள். இச்சோதனையில் எலி ஈரலின் சாற்றையும் சேர்த்தபோது எத்திடியம் புரோமைடு வலுவான சடுதி மாற்றம் விளைத்தது. உடலுக்குள் புகுந்த பொருளை ஈரல் மாற்றியமைப்பதால் அச்சாற்றைச் சேர்ப்பர்.

இவ்வளவு கேட்டதும் அஞ்சி எழ வேண்டா. மறுபக்கமும் உண்டு. இதே பொருள் ஹோமிடியம் என்ற பெயரில், 1950களிலிருந்து ஆப்பிரிக்காவில் ட்செட்சே ஈயால் பரவும் நோய்க்கு மாடுகளுக்கு ஊசியாகப் போடப்பட்டு வந்த மருந்து. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் என்பது அளவு. எனவே 300 கிலோ மாட்டுக்கு 300 மில்லிகிராம். ஆய்வுக்கூடத்து ஜெல்லில் ஒரு மில்லி லிட்டருக்கு அரை மைக்ரோகிராம் சேர்ப்பது வழக்கம். 50 மில்லி லிட்டர் ஜெல் ஒன்றில் இருப்பது 25 மைக்ரோகிராமே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாட்டுக்குப் போட்ட ஓர் ஊசியில் 12,000 ஜெல்களின் சாயம் அடங்கியிருந்தது. மனிதர்க்கு இது புற்றுநோய் விளைத்தது என்று இதுவரை நிறுவப்படவும் இல்லை.

அப்படியானால் அச்சம் வீணா? இல்லை. அச்சத்தை உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. கலப்பதற்கு முன் புட்டியிலுள்ள அடர் கரைசலில் ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கும். அந்த ஒரு மில்லி லிட்டர் சிந்தினால் 400 ஜெல்களின் சாயம் சிந்தியதாகும். தூளாக இருந்தால் மூச்சில் புகும். ஆகவே தூளை நிறுத்து எடுப்பவரும், புட்டி உடைந்த இடத்தைத் துடைப்பவருமே மிகுந்த ஆபத்துக்கு உரியவர்கள். நிறுப்பவர் ஆய்வாளர். துடைப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். சாயத்துக்கு அஞ்சிக் கையுறை அணியும் மாணவர், ஜெல்லைப் பார்க்கும்போது புற ஊதா விளக்கின் முன் வெறுங்கண்ணோடு குனிகிறார். சாயத்தின் தீங்கு மனிதரில் ஐயப்பாட்டுக்குரியது. புற ஊதாக் கதிரின் தீங்கோ உறுதியானது. சிறிது நேரத்தில் தோலைச் சுட்டுவிடும். கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற வேதனையைச் சில மணி நேரம் கழித்துக் காட்டும். எனவே சாயத்தை மாற்றுவது பற்றிப் பேசுவோர் விளக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

மாற்றுச் சாயங்களுக்கு வருகிறேன். சைபர் சேஃப் என்பது ஒன்று. ஏம்ஸ் சோதனை போன்றவற்றில் இதன் தீங்கு எத்திடியத்தினும் மிகக் குறைவாகக் காணப்பட்டது. இதன் பெருஞ்சிறப்பு, புற ஊதாக் கதிர் இன்றி நீல ஒளியிலேயே மஞ்சள் கண்ணாடி வழியாகக் காண இயல்வது. கண் தப்புகிறது, தோல் தப்புகிறது, டி.என்.ஏ.வும் தப்புகிறது. புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வையே சிதைப்பதாகையால், ஜெல்லிலிருந்து வெட்டி எடுத்து மேலும் பயன்படுத்துவோர்க்கு நீல ஒளி பெருநன்மை. தொழிலாளியின் நலனுக்காக மாறாத ஆய்வாளரும் தம் ஆய்வின் நலனுக்காக மாறுவார் என்று நம்பலாம்!

ஜெல்ரெட் என்பது மற்றொன்று. எத்திடியம் போன்ற இரு மூலக்கூறுகளைச் சங்கிலியிட்டுப் பிணைத்துப் பெரிதாக்கியது. உருவில் பெரிதாகையால் உயிருள்ள செல்லின் சவ்வைக் கடந்து உட்புகாது என்பது தயாரிப்பாளர் கூற்று. ஆனால் இதனைக் காணப் புற ஊதா விளக்கே வழக்கம். இதன் உடன்பிறப்பான ஜெல்கிரீன் நீல ஒளிக்கு ஏற்றது. இவற்றுள் சில, டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் கரைப்பானில் கரைத்து விற்கப்படுகின்றன. அக்கரைப்பான் தோலின் வழியே எளிதில் ஊடுருவுவது. தன்னோடு பிறவற்றையும் இழுத்துச் செல்வது. ஆகவே 'பாதுகாப்பான' என்று புட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைக் கண்டு கையுறையைக் கழற்றிவிடலாகாது.

என் போன்ற பள்ளி ஆசிரியனுக்குப் பிடித்தமானது மெத்திலீன் நீலம். கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்துச் செல்லைக் காட்டும் சோதனையில் நம் பள்ளிகளில் இடுவதுதான். மருத்துவரும் சில நச்சு நிலைகளில் இதனை ஊசியாகச் செலுத்துகின்றனர். ஜெல்லை இந்நீலத்தில் ஊற வைத்து, நீரில் அலசினால், டி.என்.ஏ. நின்ற இடங்கள் நீலக் கோடுகளாகப் பகல் வெளிச்சத்திலேயே தெரியும். புற ஊதா விளக்கு வேண்டா. விலையுயர்ந்த கருவி வேண்டா. குறை என்னவெனில் ஒரு கோட்டில் ஏறத்தாழ 40 நானோகிராமாவது டி.என்.ஏ. இருக்க வேண்டும், சிறிதளவைக் காட்டாது. குற்றப் புலனாய்வுக்கு இது போதாது. பள்ளி, கல்லூரி மாணவர் கற்றுக்கொள்வதற்குத் தாராளமாகப் போதும். கற்றுக்கொடுக்கும் இடத்தில் எத்திடியம் எதற்கு என்பதே என் கேள்வி.

படிக ஊதாவும் பகல் வெளிச்சத்தில் தெரியும். நம் அரசு மருத்துவமனைகளில் முன்னாளில் புண்ணுக்குத் தடவிய ஜென்ஷன் வயலட் இதுதான். பழகிய மருந்தாயிற்றே என்று எண்ணிவிடக் கூடாது. சுண்டெலிகளுக்கு நெடுநாள் ஊட்டிய சோதனையில் கட்டிகள் தோன்றின. பழக்கமும் பாதுகாப்பும் வெவ்வேறு.

இனிக் கழிவு. என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார் ஒரு கல்லூரியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்தார். ஜெல் துண்டுகளைச் சாப்பாட்டுப் பொட்டலத் தாள்களோடு ஒரே கூடையில் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மையார் அவற்றைக் கடல்பாசி இனிப்பின் மிச்சம் என்றே எண்ணி வெறுங்கையால் அள்ளிவந்தார். மகள் உயிரியல் படித்த பிறகுதான் அது இன்னதென்று வீட்டில் தெரிந்தது. அவருக்கு ஒன்றும் நேரவில்லை. நான் மேலே சொன்ன அளவுகளைக் கொண்டு பார்த்தால் நேரவும் வாய்ப்புக் குறைவே. எனினும் 'இதைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள் அம்மா' என்று ஒரு சொல் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நமது பணியாளர்க்குத் 'துப்புரவு' என்ற பெயரை நீக்கித் 'தூய்மை' என்று அரசு பெயரிட்டது நல்லதே. அச்சொல்லோடு கையுறையும் வந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது அரிதன்று. சாயம் கலந்த ஜெல்லைத் தனிப் பையிலிட்டு எரியுலைக்கு அனுப்ப வேண்டும். சாயம் கலந்த நீரைச் செயலூட்டிய கரியில் ஊறவைத்து வடித்தால் சாயம் கரியில் ஒட்டிக்கொள்ளும். கரியை ஜெல்லோடு எரிக்கலாம். பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டால் போயிற்று என்று சிலர் இன்றும் செய்கின்றனர். நிறம் போகும். ஆனால் அவ்வாறு வெளுத்த பின்னும் சடுதி மாற்றம் விளைக்கும் பொருள் எஞ்சுகிறது என்று 1980களின் பிற்பகுதியிலேயே ஆய்வுகள் காட்டின. நிறம் போவது ஏமாற்றும்.

கழுவு தொட்டியில் ஊற்றுவதோ அதனினும் கேடு. ஊற்றியது கழிவுநீர்த் தொட்டியைச் சென்றடையும். பாதுகாப்புக் கருவியின்றி எவரையும் அத்தொட்டியில் இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தடுத்தும் இறக்கப்படுவோர் யார் என்பதை இந்த அவை அறியும். இரத்தம், கிருமி வளர்ப்பு முதலிய கழிவுகளுக்கு 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் உள்ளன. அவை மருத்துவமனைகளை மட்டுமன்றி ஆராய்ச்சி, கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். கழிவைக் கையாள்வோர்க்குப் பயிற்சியும், பாதுகாப்பு உடையும், ஹெப்பாடிடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசியும் அளிக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் என்று கைகழுவ இயலாது. அபாயகரமான இரசாயனக் கழிவுக்கும் அதே 2016இல் தனி விதிகள் வந்துள்ளன.

ஆய்வுக்கூடத்தில் பயிலும் பிள்ளைகளே, உங்களைக் கேட்டுக்கொள்வது இது. புட்டியைத் திறக்குமுன் பாதுகாப்புத் தாளைப் படியுங்கள். நைட்ரைல் கையுறை அணியுங்கள். அதே கையோடு கதவுப் பிடியையும் கைப்பேசியையும் தொடாதீர்கள், ஏனெனில் அவற்றைத் துடைப்பவரும் ஒருவர் இருக்கிறார். கற்பிப்பதற்கு மெத்திலீன் நீலம் போதாதா என்று பேராசிரியரிடம் பணிவோடு, ஆனால் தயங்காது கேளுங்கள். மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும், நான் அறிவேன். தனியே கேட்க அஞ்சினால் நால்வராகச் சேர்ந்து கேளுங்கள்.

இச்சாயங்களின் பாதுகாப்புத் தாள்கள் ஆங்கிலத்தில் பல பக்கங்கள் நீள்கின்றன. அவற்றிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து, எளிய தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கமாக எழுதித்தர நம் மாணவியர் மூவர் இசைந்துள்ளனர். எழுதியதை வேதியியல் ஆசிரியர் ஒருவர் சரிபார்த்துத் தருவார். கோடை விடுமுறை முடிவதற்குள் அது சங்க நூலகத்திற்கு வந்துவிடும். படியெடுக்கும் செலவு என்னுடையது. கல்லூரிகளிலும் மருத்துவ ஆய்வகங்களிலும் தூய்மைப் பணிக்குச் செல்லும் சகோதரிகளின் வீடுகளுக்கு நேரில் சென்று அதனைப் படித்துக் காட்டுவதற்கு, தெருவுக்கு இருவராக இளைஞர்கள் வேண்டும். விரும்புவோர் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.